வெள்ளவத்தைக் கடையின் பற்றுச்சீட்டு நிரல்

மாமா: தம்பி, நீ அனுப்பிய பற்றுச்சீட்டு நிரலைக் கடைக் கணினியில் திறந்தால், கறுப்புச் சாளரம் ஒன்று கண நேரம் தோன்றி மறைந்துவிடுகிறது. காலையிலிருந்து கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

மருமகன்: மன்னிக்க வேண்டும் மாமா. தேடல் பெட்டியில் சிஎம்டி என்று எழுதி, திறக்கும் சாளரத்துக்குள் அந்த நிரல் கோப்பை இழுத்துப் போட்டு என்டர் அழுத்துங்கள். அப்போது நிரல் நின்றாலும் சாளரம் மூடாது. பிழைச்செய்தியைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மாமா: படம் அனுப்பியுள்ளேன். தமிழ் எழுத்துருக் கோப்பைக் காணவில்லை என்கிறது.

அக்கா: தம்பி, பைதான் நிரலை இயங்கு கோப்பாகக் கட்டும் பைஇன்ஸ்டாலரில் பொதி செய்தபோது, கூடுதல் கோப்புகளைச் சேர்க்கும் 'அட்-டேட்டா' கட்டளையைக் கொடுத்து எழுத்துருவைச் சேர்த்தாயா?

மருமகன்: சேர்த்தேன் அக்கா. பொதியைத் திறந்து பார்த்தேன், உள்ளே இருக்கிறது. ஒற்றைக் கோப்பாகக் கட்டிய நிரல், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் உள்ளிருப்பவற்றை விண்டோஸின் தற்காலிகக் கோப்புறையில் '_எம்இஐ' என்று தொடங்கும் ஒரு புதிய கோப்புறைக்குள் விரித்துக்கொள்கிறது. நானோ எழுத்துருவின் பெயரை மட்டும் எழுதியிருந்ததால், நிரல் அதை அங்கே தேடாமல், தான் இயக்கப்பட்ட கோப்புறையில் தேடியிருக்கிறது. என் மடிக்கணினியில் அந்தக் கோப்பு தற்செயலாகப் பக்கத்திலேயே கிடந்ததால் பிழை எனக்குத் தெரியவில்லை. வேறொரு கோப்புறையிலிருந்தும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அக்கா: அப்படியானால், விரித்த கோப்புறை எங்கே என்று சொல்லும் 'சிஸ்._எம்இஐபாஸ்' தரும் பாதையோடு பெயரைச் சேர்த்துவிடு.

மருமகன்: எல்லாக் கோப்புகளுக்கும் அவ்வாறே மாற்றிப் புதிய நிரலை அனுப்பியுள்ளேன், மாமா.

மாமா: எழுத்துகள் அழகாக வருகின்றன. மூன்று சீட்டு அச்சிட்டேன். ஆனால் மூடித் திறந்தபோது இலக்கம் மறுபடியும் 1 என்று வருகிறதே? ஒரே இலக்கத்தில் இரண்டு சீட்டுகள் வெளியே போனால் கணக்கு என்ன ஆவது?

அக்கா: கணக்குக் கோப்பையும் அந்தத் தற்காலிகக் கோப்புறையிலேயே எழுதுகிறாயா தம்பி? நிரலை மூடும்போது அது முழுவதுமாக அழிந்துவிடும்.

மருமகன்: ஆம் அக்கா, அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டேன். எழுத்துருவைப் படிக்க மட்டும் அந்த இடம் போதும். கணக்கை, நிரல் கோப்பு இருக்கும் இடத்தை 'சிஸ்.எக்ஸிகியூட்டபிள்' மூலம் அறிந்து, அதன் அருகில் எழுத வேண்டும். மாமா, அப்படித் திருத்தி அனுப்பியுள்ள நிரலை டெஸ்க்டாப்பில் 'கணக்கு' என்ற கோப்புறைக்குள் வையுங்கள். புரோகிராம் பைல்ஸுக்குள் வைத்தால் சாதாரணப் பயனராக இருந்து அங்கே எழுத முடியாது. மின்சாரம் நின்று கணினி திடீரென அணைந்தால், விரித்த கோப்புறை அழியாமல் தங்கிவிடும். இடத்தை அடைக்கும் என்பதைத் தவிர அதனால் தீங்கில்லை, ஞாயிறு வரும்போது நானே துப்புரவு செய்கிறேன்.

மாமா: அந்த மூன்று சீட்டுகளையும் திரும்பப் பதிந்துவிட்டு, இரண்டு தடவை மூடித் திறந்தேன். அடுத்த இலக்கம் 4 என்று நிற்கிறது. கையால் எழுதியவற்றை இப்போது ஏற்றத் தொடங்குகிறேன்.