புதுப்பிப்பு: எலக்டிவ் முடிவு பண்ணியாச்சு

சுற்றுச்சூழல் பொறியியல் ஆறாவது செமஸ்டருக்கு ரெண்டு எலக்டிவ் (விருப்பப் பாடம்) எடுக்கணும். தொழிற்சாலைக் கழிவுநீர், காற்று மாசு மாடலிங், திடக்கழிவு, நிலத்தடி நீர், இந்த நாலில் எதுன்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன், அக்கா எல்லாருக்கும் நன்றி. தொழிற்சாலைக் கழிவுநீரும் நிலத்தடி நீரும் எடுத்துட்டேன்.

முதலாவதுக்குக் காரணம் திருப்பூர்தான். 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதுக்கு அப்புறம், ஜீரோ டிஸ்சார்ஜ்தான் அங்கே எல்லாமே, அதாவது கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது. சாயத்தண்ணி முதலில் உயிரியல் சுத்திகரிப்புக்கு, அப்புறம் உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ. வடிகட்டிக்கு. தேறும் தண்ணி திரும்பச் சாயம் போடவே போகும். மிச்ச உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சணும். காசு கரையுறது அங்கேதான். கடைசியில் நிற்கும் கலப்பு உப்பை வாங்க ஆள் கிடையாது, மூட்டை மூட்டையா ஷெட்டில் அடுக்கி வைக்கிறாங்க. இதைத் தீர்க்கிறவனுக்கு வேலைக்குப் பஞ்சமே வராது.

நிலத்தடி நீர்ல கணக்கு ஜாஸ்தின்னு ரெண்டு பேர் பயமுறுத்தினீங்க. மண்ணுக்குள்ளே தண்ணி எவ்வளவு ஓடும்னு சொல்ற டார்சி விதி ஏற்கெனவே மண் இயக்கவியலில் படிச்சதுதானே! நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடுற மாட்ஃப்ளோ மென்பொருளும் இலவசம், என் பழைய லேப்டாப்பிலேயே ஓடுது.

காற்று மாடலிங் மனசுக்குப் பிடிச்சதுதான், ஆனா டைம்டேபிள் ஒத்துவரலை. திடக்கழிவுக்கு வகுப்பை விட சென்னை பெருங்குடி குப்பைமேட்டு பயோமைனிங்கை (பழைய குப்பையைத் தோண்டித் தரம் பிரிக்கிறது) நேரில் பார்க்கிறது மேல்னு தோணுது. அங்கே இன்டர்ன்ஷிப் போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, யார்கிட்ட லெட்டர் கொடுக்கணும்?