புதுப்பிப்பு: அக்கா பெயரில் வாங்கிய டிக்கெட் என்ன ஆனது?

முன்பு இங்கே கேட்டிருந்தேன்: கோலாலம்பூர் கச்சேரிக்கு நாலு டிக்கெட், நாலும் அக்காவின் மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) எண்ணில். அக்காவுக்குத் திடீரென நைட் ஷிஃப்ட். அவர் வராமல் எங்களை உள்ளே விடுவார்களா?

விட்டார்கள். ஆனால் சும்மா இல்லை. அக்காவின் கடிதம், இருவர் மைகார்டு நகல், ரசீது எல்லாம் மின்னஞ்சலில் அனுப்பிய பிறகே ஏற்பாட்டாளர் என் பெயருக்கு மாற்றினார். கடிதம் மட்டும் போதும் என்று அப்போது இங்கே பதில் சொன்ன அண்ணனுக்கு: இவர்களிடம் அது எடுபடவில்லை.

வாசலில் நடந்ததுதான் வேடிக்கை. என் மைகார்டை மட்டும் பார்த்தார்கள். கூட வந்த மூவரையும் யாரென்றே கேட்கவில்லை. அப்படியானால் பிளாக்கில் விற்கிறவனும் ஒரு டிக்கெட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு, காசு கொடுத்த மூன்று பேரைக் கையோடு கூட்டிப் போகலாமே! பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வேன் பிடித்துப் போகிற நாங்கள்தான் கடிதம் எழுதி அலைகிறோம்.

பிளாக்கில் விற்பவர்களை வெளிநாட்டில் எப்படித் தண்டிக்கிறார்கள் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஜப்பானில் 2019 ஜூன் முதல், மறுவிற்பனை தடைசெய்யப்பட்ட பெயர்ப்பதிவு டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பதையே தொழிலாகச் செய்தால் ஓராண்டு வரை சிறை, 10 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தைவானில் 2023 சட்டத் திருத்தத்தின்படி, கூடுதல் விலைக்கு விற்றால் டிக்கெட் விலையைப் போல் 10 முதல் 50 மடங்கு அபராதம். எனக்குத் தைவான் கணக்குதான் பிடித்திருக்கிறது. விற்கிறவனின் மடியில் கைவைக்கிறது.

மிச்ச டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இல்லை. அக்கா இடத்தில் சித்தி வந்தார், பாதிக் கச்சேரி தூங்கினார்.