புதுப்பிப்பு: சிந்தசைசர் எல்.இ.டி.க்கு எந்த ரெசிஸ்டர்? முடிவு கிடைத்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: 12 வோல்ட்டில் ஓடும் என் சிந்தசைசரில் (மின்னணு இசைக்கருவி) நீல பவர் எல்.இ.டி. கண்ணைக் கூசுகிறது, சிவப்பு எல்.இ.டி. இணைத்த எல்.எஃப்.ஓ.வின் (ஒலியை மெதுவாக ஏற்றி இறக்கும் அலையை உருவாக்கும் சுற்று) அலை உச்சியும் குறைகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீல எல்.இ.டி.க்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடை) போட்டிருந்தேன். எல்.இ.டி.யில் 3 வோல்ட் போக மீதி 9 வோல்ட்; அதை 1 கிலோ ஓமால் வகுத்தால் 9 மில்லி ஆம்ப் மின்னோட்டம். "10 கிலோ ஓம் போடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. 0.9 மில்லி ஆம்ப்தான் ஓடுகிறது, ஆனாலும் பகலில் நன்றாகவே தெரிகிறது! பழைய புத்தகக் கணக்கில் வரும் 20 மில்லி ஆம்ப், இப்படி அடையாளமாக எரியும் இன்றைய எல்.இ.டி.க்குத் தேவையே இல்லை.

எதிர்பாராதது எல்.எஃப்.ஓ.வில். ரெசிஸ்டர் மதிப்புதான் காரணம் என்றே நினைத்தேன். ஆனால் தப்பு, இணைத்த இடத்தில்தான் இருந்தது. சிவப்பு எல்.இ.டி.யை 1 கிலோ ஓம் அவுட்புட் ரெசிஸ்டருக்குப் பிறகு இணைத்திருந்தேன். அதனால் 5 வோல்ட் உச்சி 3.5 ஆகிவிட்டது. இணைப்பை அந்த ரெசிஸ்டருக்கு முன்னால், ஓப்-ஆம்ப் (அலையை வெளியே தரும் பெருக்கி சிப்) அவுட்புட் காலுக்கே மாற்றி 2.2 கிலோ ஓம் போட்டேன், சரியாகிவிட்டது. அப்புறம், அலை மைனஸுக்குப் போகும்போது எல்.இ.டி.யைக் காக்க ஒரு 1என்4148 டையோடை (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் பாகம்) அதற்குக் குறுக்கே தலைகீழாகச் சேர்த்தேன்.