ஒரே இன்டர்ஃபேஸில் இரண்டு ஐபி, பூட் ஆக 2 நிமிடத் தாமதம்: எந்த சர்வீஸை நிறுத்துவது?

கேள்வி:
டெபியன் 12 லினக்ஸ். ஈதர்நெட் போர்ட் இரண்டு: இஎன்பி1எஸ்0, இஎன்பி2எஸ்0. இரண்டாவதில் கேபிள் கிடையாது. பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பில் இருந்த வரிகளை நீக்கிவிட்டு சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற நெட்வொர்க் சர்வீஸுக்கு மாற்றினேன். 10-லேன்.நெட்வொர்க் கோப்பில் மேட்ச் பகுதியில் நேம்=இஎன்*, நெட்வொர்க் பகுதியில் டிஹெச்சிபி=யெஸ் (ஐபியைத் தானாகப் பெற), அவ்வளவுதான். பிறகு டெஸ்க்டாப் நிறுவியபோது நெட்வொர்க்மேனேஜர் என்ற இன்னொரு நெட்வொர்க் சர்வீஸும் கூடவே வந்துவிட்டது. இப்போது சில பூட்களில் மட்டும் இஎன்பி1எஸ்0-க்கு 192.168.1.40, 192.168.1.57 என இரண்டு முகவரிகள். டிஃபால்ட் ரூட்டும் (வெளியே போகும் வழி) இரண்டு, மெட்ரிக் (வழியின் முன்னுரிமை எண்) 100, 1024. தவிர ஒவ்வொரு பூட்டிலும் 2 நிமிடம் நிற்கிறது. இரண்டும் ஒரே கோளாறா?

பதில் 1:
இல்லை, தனித்தனி. முதலில் ஐபி விஷயம். மெட்ரிக்கே ஆளைக் காட்டிக் கொடுக்கிறது: ஈதர்நெட்டுக்கு 100 போடுவது நெட்வொர்க்மேனேஜர், டிஹெச்சிபி ரூட்டுக்கு 1024 போடுவது நெட்வொர்க்டி. இரண்டு சர்வீஸ்களும் ஒரே போர்ட்டில் தனித்தனியாக டிஹெச்சிபி கேட்கின்றன. மேக் முகவரி (போர்ட்டின் வன்பொருள் எண்) ஒன்றுதானே, ஏன் இரண்டு ஐபி என்றால், டிஹெச்சிபி சர்வர் பார்ப்பது கிளையன்ட் ஐடியை. நெட்வொர்க்டி டிஃபால்ட்டாக டியுஐடி (மெஷினுக்கான அடையாள எண்) அடிப்படையிலான ஐடியை அனுப்பும். நெட்வொர்க்மேனேஜர் மேக்கையே ஐடியாக அனுப்பும். சர்வருக்கு இவை இரண்டு மெஷின்கள். கிளையன்ட்ஐடென்டிஃபையர்=மேக் என்று போட்டால் ஐபி ஒன்றாகிவிடும்தான், ஆனால் அது கோளாறை மூடி மறைப்பது, தீர்ப்பதல்ல.

சில பூட்களில் மட்டும் வருவதற்குக் காரணம் யார் முந்துகிறார்கள் என்பது. நெட்வொர்க்டி முந்தினால், ஏற்கனவே முகவரி இருக்கும் போர்ட்டை வெளியார் அமைத்தது என்று நெட்வொர்க்மேனேஜர் விட்டுவிடும். நெட்வொர்க்மேனேஜர் முந்தினால் தானே ஒரு கனெக்‌ஷனை உருவாக்கிக்கொள்ளும்.

இன்னொன்று: இன்டர்ஃபேசஸ் கோப்பில் பெயர் இருந்தவரை டெபியனில் நெட்வொர்க்மேனேஜர் அந்தப் போர்ட்டைத் தொடாது. அந்த வரிகளை நீங்கள் நீக்கியதும் தடுப்பு போய்விட்டது.

வைஃபை, விபிஎன் டெஸ்க்டாப்பிலிருந்து வேண்டும் என்றால் நெட்வொர்க்மேனேஜரை வைத்துக்கொண்டு இந்தப் போர்ட்டை மட்டும் விலக்குங்கள்: இடிசி, நெட்வொர்க்மேனேஜர், கான்ஃப்.டி கோப்புறையில் .கான்ஃப் என முடியும் ஒரு கோப்பு; கீஃபைல் பகுதியில் அன்மேனேஜ்ட்-டிவைசஸ்=இன்டர்ஃபேஸ்-நேம்:இஎன்பி1எஸ்0. ஒருமுறை ரீபூட் செய்து 'என்எம்சிஎல்ஐ டிவைஸ்' கொடுத்தால் அன்மேனேஜ்ட் என்று காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் முழுதாக டிஸேபிள் செய்யலாம்.

பதில் 2:
2 நிமிடம் என்பது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன் சர்வீஸின் 120 நொடி டைம்அவுட். நெட்வொர்க்டி தன் பொறுப்பில் உள்ள எல்லா லிங்க்கும் அமைந்து முடியும்வரை அது காத்திருக்கும். உங்கள் இஎன்* கேபிளில்லாத போர்ட்டையும் பிடித்துக்கொள்கிறது. மேட்ச்சை இஎன்பி1எஸ்0 என்று குறுக்குவதே நேர்வழி. என்றாவது இரண்டாவதிலும் கேபிள் சொருகுவீர்கள் என்றால், அதற்குத் தனி .நெட்வொர்க் கோப்பு எழுதி, அதில் டிஹெச்சிபி=யெஸ் வரியோடு லிங்க் பகுதியில் ரிக்கொயர்ட்ஃபார்ஆன்லைன்=நோ சேருங்கள்.

வெயிட்-ஆன்லைனையே மாஸ்க் செய்யச் சொல்லும் (ஓடவே விடாமல் முடக்கும்) யோசனை எங்கும் கிடைக்கும். செய்யாதீர்கள். நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்டை நம்பியிருக்கும் என்எஃப்எஸ் மவுன்ட் (நெட்வொர்க் வழிக் கோப்புறை) போன்றவை நெட்வொர்க் வருவதற்கு முன்பே ஓடித் தோற்கும்.

பதில் 3:
இரண்டு பள்ளங்களை யாரும் சொல்லவில்லை.

நெட்வொர்க்மேனேஜரை முழுதாக எடுத்தால், டிஎன்எஸ் சர்வர் முகவரியை வைத்திருக்கும் ரிசால்வ்.கான்ஃப் அனாதையாகும். அந்தக் கோப்பை எழுதியது அதுதான். நிறுத்திய பிறகும் பழைய நேம்சர்வர் வரி அப்படியே கிடக்கும், எல்லாம் ஓடுவது போலவே தெரியும். டிஎன்எஸ் சர்வர் முகவரி மாறும் நாளில்தான் பெயர்கள் கிடைக்காமல் போகும். நெட்வொர்க்டி தானாக அதை எழுதாது, சிஸ்டம்டி-ரிசால்வ்டி வேண்டும். டெபியன் 12-இல் அது தனிப் பேக்கேஜ். இணையம் இருக்கும்போதே நிறுவிவிடுங்கள்.

எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தொலைவிலிருந்து செய்தால் முதலில் 'ஷட்டவுன் -ஆர் +10' கொடுங்கள். பிறகு நெட்வொர்க்மேனேஜருக்கு ஸ்டாப் மட்டும், டிஸேபிள் வேண்டாம். இணைப்பு அறுந்தாலும் 10 நிமிடத்தில் ரீபூட் ஆகிப் பழைய நிலைக்கே வரும். நன்றாக இருந்தால் 'ஷட்டவுன் -சி' கொடுத்துவிட்டு டிஸேபிள் செய்யுங்கள். எதிர்த்திசையில் நெட்வொர்க்டியை நிறுத்துவதானால் அதன் .சாக்கெட் யூனிட்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும். விட்டால் அது சர்வீஸை மறுபடி எழுப்பிவிடும்.

கேள்வி கேட்டவர்:
ஐபி இப்போது ஒன்றுதான், நன்றி. ஆனால் 2 நிமிடம் போகவில்லை. இஎன்பி2எஸ்0-க்கு 20-காலி.நெட்வொர்க் என்று ரிக்கொயர்ட்ஃபார்ஆன்லைன்=நோ வைத்துக் கோப்பு எழுதினேன். 10-லேனில் இஎன்* அப்படியே இருக்கிறது.

பதில் 2:
எண்தான் தவறு. கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படும், முதலில் பொருந்துவது மட்டுமே எடுபடும். இரண்டும் ஒன்றாகச் சேராது. 10-லேன் முந்திக்கொள்வதால் அந்தப் போர்ட்டுக்கு 20-ஐ நெட்வொர்க்டி எடுத்துக்கொள்வதே இல்லை. 05-காலி.நெட்வொர்க் என்று பெயர் மாற்றி 'நெட்வொர்க்சிடிஎல் ரீலோட்' கொடுங்கள். 'நெட்வொர்க்சிடிஎல் ஸ்டேட்டஸ் இஎன்பி2எஸ்0' கொடுத்தால் நெட்வொர்க் ஃபைல் என்ற வரியில் எந்தக் கோப்பு பிடித்திருக்கிறது என்று தெரியும். அங்கே 05 வந்த பிறகு ரீபூட் செய்து பாருங்கள்.