சென்டோஸ் 7-ல் யம் ஓடவில்லை, அவசரம்

கேள்வி:
வணக்கம். ஒரு மொத்த வியாபாரக் கடையின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். பில்லிங், ஸ்டாக், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் ஒரே பெட்டியில்தான். சிஸ்டம் சென்டோஸ் 7 என்ற லினக்ஸ், பில்லிங் புரோகிராம் எழுதியது பிஎச்பி 5.4 மொழியில். நேற்று ஒரு பேக்கேஜ் போடலாம் என்று யம் (பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கட்டளை) கொடுத்தால், மிரர்லிஸ்ட் (பேக்கேஜ் கிடைக்கும் சர்வர்களின் பட்டியல்) முகவரியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. இன்டர்நெட் இருக்கிறது, வெளியே பிங் போகிறது, டிஎன்எஸ்ஸையும் மாற்றிப் பார்த்தேன். எட்டு கவுன்ட்டர் இதை நம்பி ஓடுவதால் கை வைக்கவே பயமாக இருக்கிறது.

பதில் 1:
உங்கள் நெட்வொர்க்கில் கோளாறு இல்லை. சென்டோஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது, மிரர்லிஸ்ட்டையும் நிறுத்திவிட்டார்கள். ரெப்போ ஃபைல்களை (பேக்கேஜை எங்கிருந்து எடுப்பது என்று யம்முக்குச் சொல்பவை) நகல் எடுத்து வைத்துக்கொண்டு, மிரர்லிஸ்ட் வரிகளுக்கு முன்னால் # போட்டு முடக்குங்கள், பேஸ்யுஆர்எல் வரியில் உள்ள # ஐ எடுத்துவிட்டு முகவரியை வால்ட்.சென்டோஸ்.ஆர்க் என்று மாற்றுங்கள். அப்புறம் யம் கிளீன் ஆல் கொடுத்து, சேமித்து வைத்திருக்கும் பழைய தகவலை அழித்துவிடுங்கள்.

கேட்டவர்:
ஓடுகிறது அண்ணா, ரொம்ப நன்றி! இன்னும் இரண்டு வருடம் இப்படியே ஓட்டலாமா? முதலாளி செலவு என்றாலே யோசிப்பார்.

பதில் 2:
தயவுசெய்து வேண்டாம். வால்ட் என்பது பழைய பேக்கேஜ்களின் கிடங்கு, புதுப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அங்கே வராது. கடைக்குப் புதுப்புது வசதிகள் தேவையில்லை, பில்லிங்கை உடைக்காமல் பல வருடம் திருத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்க வேண்டும். சென்டோஸுக்கு மாற்றான ஆல்மாலினக்ஸ், ராக்கி இரண்டும் இலவசம், அவற்றின் 8-ம் பதிப்புக்கு 2029 வரை, 9-ம் பதிப்புக்கு 2032 வரை திருத்தம் உண்டு. ஆனால் தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சென்டோஸ் 8-ம் 2029 வரை என்றுதான் இருந்தது, 2020 டிசம்பரில் திடீரென்று அறிவித்து 2021 கடைசியோடு முடித்தார்கள், அந்த வருடம் மூன்று சர்வர்களை நான் இரவில் உட்கார்ந்து மாற்றினேன். பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் பிஎச்பியில் இருக்கிறது. புது சிஸ்டத்தோடு பிஎச்பியும் புதிதாக வரும். டேட்டாபேஸைத் தொடும் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை பிஎச்பி 7.0-லேயே எடுத்துவிட்டார்கள், அந்த இடங்களை அதே வேலையைச் செய்யும் மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓவுக்கு மாற்றாமல் பில்லிங் எழும்பாது. முதலில் பேக்கப்பை வேறொரு பெட்டியில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். அது எழுந்து நிற்காவிட்டால் சர்வரைத் தொடவே வேண்டாம்.

கேட்டவர்:
கிரெப் போட்டு கோடில் தேடினேன், அந்தப் பழைய ஃபங்ஷன்கள் 212 இடத்தில் இருக்கின்றன. பேக்கப்பை இதுவரை ரீஸ்டோர் செய்தே பார்த்ததில்லை. இன்று கடை மூடியதும் பழைய டெஸ்க்டாப்பில் அதைத்தான் முதலில் செய்யப் போகிறேன், நாளை வந்து சொல்கிறேன்.