ஆமை நடைக்கு சின்னப் புள்ளைய கூட்டிட்டு போலாமா? பெசன்ட் நகர் பக்கம் போனவங்க சொல்லுங்க

வேளச்சேரி_அப்பா:
வணக்கம் மக்களே. பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. ஸ்கூல்ல கடல் ஆமை பத்தி ஏதோ வீடியோ போட்டு காட்டிருக்காங்க, அதுலேர்ந்து பீச்சுக்கு போய் ஆமை முட்டை போடறத பாக்கணும்னு ஒரே நச்சரிப்பு. நீலாங்கரைலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் விடிய விடிய நடப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். பத்து வயசு புள்ளையால முடியுமா? அவ்ளோ தூரம் போயும் ஆமையே வரலன்னா? இன்னொரு டவுட்டு, கேட்டா திட்டாதீங்க. நாம கும்பலா போய் நிக்கறதால ஆமைக்கு என்ன லாபம், இது வேடிக்கை பாக்கறதுதானே? அவளுக்கு இயற்கை மேல ஒரு பிடிப்பு வரணும்னு ஆசைதான், அதுக்காக ஒரு ஜீவன தொந்தரவு பண்ணக் கூடாதுல்ல.

ராக்கோழி:
தாராளமா கூட்டிட்டு போங்க, ஆனா ஆமைய காட்டறேன்னு மட்டும் பாப்பாகிட்ட சத்தியம் பண்ணிடாதீங்க. நிறைய நாள் தடம்தான் கிடைக்கும். டிராக்டர் ஏறி இறங்கின மாதிரி தண்ணிலேர்ந்து மேல வந்து திரும்பிப் போன தடம், அத பாத்தாலே புள்ளைங்களுக்கு தூக்கம் போயிடும்.

இந்த நடைய நடத்தறது எஸ்.எஸ்.டி.சி.என்.னு கடல் ஆமைய காப்பாத்தற ஒரு மாணவர் அமைப்பு, பெரும்பாலும் காலேஜ் பசங்க. 1988லேர்ந்து நடக்கறாங்க, அதுக்கும் முன்னாடி எழுபதுகள்லயே பாம்புப் பண்ணை ஆளுங்க இதே கரைல நடந்திருக்காங்க. சுமாரா ஏழு கிலோமீட்டர், எல்லாமே மணல், ராத்திரி ஆரம்பிச்சா முடிய விடிகாலை ஆயிடும். நடந்து பழக்கம் இருக்கற புள்ளைன்னா சமாளிச்சிடும், இல்லன்னா பாதில உங்க தோள்லதான் வரும் பாத்துக்கோங்க 😄

வேடிக்கை விஷயத்துக்கு வரேன். ஒரு ஆமை நூறு நூத்தி இருவது முட்டை போடும், பின்னங்காலாலயே ஒரு ஒன்றரை அடி ஆழத்துக்கு குழி தோண்டி, போட்டு முடிச்சு, மண்ண மூடி, மொத்த உடம்பையும் தூக்கித் தூக்கி போட்டு தட்டி கெட்டியாக்கிட்டு கடலுக்குப் போயிடும், அதோட அதுக்கும் முட்டைக்கும் சம்பந்தம் முடிஞ்சுது. அத அப்படியே விட்டா நம்ம ஊர் பீச் நாய்ங்க மோப்பம் புடிச்சு தோண்டிடும். அதனால தான் பசங்க தடத்த வச்சு குழிய தேடி, முட்டைய பைல எடுத்துட்டுப் போய் பொரிப்பகத்துல அதே ஆழம் அதே அகலத்துல குழி வெட்டி வைக்கறாங்க. 45லேர்ந்து 60 நாளைக்குள்ள குஞ்சு வந்துடும். மண்ணு சூடு ஜாஸ்தியா இருந்தா பொட்டை, கம்மியா இருந்தா ஆண், அதனால வெயில் ஏற ஏற மேல நிழல் கட்டற வேலையும் இருக்கு. கூட நடக்கற நாம இதுல பெருசா ஒண்ணும் கிழிக்கப் போறதில்ல, உண்மைதான். சத்தம் போடாம, டார்ச், ஃபிளாஷ் அடிக்காம, ஆமை கரைக்கு ஏறி வரும்போது குறுக்க போகாம இருந்தா போதும். வெளிச்சமோ ஆள் அசைவோ பட்டா முட்டை போடாமலே திரும்பிடும்.

பாப்பாவுக்கு ராத்திரி கஷ்டம்னு தோணிச்சுன்னா மார்ச் ஏப்ரல்ல சாயங்காலம் பெசன்ட் நகர்ல குஞ்சு விடுவாங்க, அதுக்குப் போங்க. என்னக் கேட்டா சின்னப் புள்ளைங்களுக்கு அதுதான் பெஸ்ட்.

குப்பத்துக்காரன்:
ராக்கோழி சொன்னது எல்லாம் கரெக்ட்டு, ஆனா முட்டைய பத்தியே பேசறீங்க, தாய் ஆமைய பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்க. 2025 ஜனவரில நம்ம கரைல எவ்ளோ ஆமை செத்து ஒதுங்கிச்சு, நூத்துக்கணக்குல, பேப்பர்லாம் வந்துச்சே. ஆமை மீன் கிடையாது, மேல வந்து மூச்சு வாங்கணும். இழுவை மடில, அதான் பெரிய படகு பின்னாடி கட்டி இழுக்கற பை மாதிரி வலைல மாட்டி மணிக்கணக்கா இழுபட்டா தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டி செத்துடும். கரைலேர்ந்து 5 கடல் மைலுக்குள்ள இழுவைப் படகு வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, நாங்க தினம் பாக்கறோம், வந்துட்டுதான் இருக்கு. மடில ஆமை தப்பிச்சுப் போக டெட்னு ஒரு கம்பிச் சட்டம் மாட்டலாம், மீனும் சேந்து போயிடும்னு இழுவைப் படகு வச்சிருக்கற லாஞ்சுக்காரங்க மாட்ட மாட்டேங்கறாங்க.

மீன்பிடி தடைக்காலம் இருக்கேன்னு கேப்பீங்க. அது ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14, 61 நாள், மீன் பெருகறதுக்கு போட்டது. ஆமை வரதோ ஜனவரி, பிப்ரவரி, மார்ச். அதாவது ஆமை வேலை முடியற நேரத்துலதான் தடையே ஆரம்பிக்குது.

அதுக்காக மீனவன்னாலே எல்லாரும் ஒண்ணுன்னு பேசாதீங்க. எங்க சின்ன ஃபைபர் படகு வலைல ஆமை மாட்டினா உசுரோட இருந்தா அறுத்து விட்டுடறோம், வலை நட்டம் எங்களோடது. மகாராஷ்டிரால அப்படி அறுத்து விட்டா 25,000 ரூபா வரைக்கும் நட்டஈடு தராங்களாம். பாப்பாவ கூட்டிட்டு வரப்ப குப்பத்துப் பக்கமும் வாங்க, வலை எது மடி எதுன்னு எங்க பெருசுங்க காட்டுவாங்க.

ஈசிஆர்_மாடிவீடு:
நடக்கப் போறது நல்லதுதான் சார், ஆனா கடலோரமா வீடு வச்சிருக்கறவங்க நடக்காமலே ஒரு உபகாரம் பண்ணலாம், லைட்ட அணைக்கலாம். குஞ்சு மண்ணுலேர்ந்து வெளிய வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டான கரைன்னா கடல்தான் வெளிச்சமா தெரியும், இப்ப எங்க ஏரியால கடல விட ரோடுதான் பளபளன்னு இருக்கு. பொரிப்பகத்துக்கு போகாம தப்பின குழிலேர்ந்து வர குஞ்சுங்க நேரா ரோட்டுக்கு வந்து வண்டில அடிபடுது. எங்க அபார்ட்மென்ட் மீட்டிங்ல ஜனவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் கடல் பக்க ஃபோகஸ் லைட்ட 11 மணிக்கு மேல அணைக்கலாம்னு சொன்னா திருட்டு பயம்னு ஒரே சண்டை. கடைசில லைட்ட கீழ திருப்பி மூடி போட்டு, கேட் பக்கம் மட்டும் எரியற மாதிரி செஞ்சோம். இதுவரைக்கும் ஒரு செருப்பு கூட காணாம போகல.

வேளச்சேரி_அப்பா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குப்பத்துக்காரன் அண்ணா, கண்டிப்பா வரோம், மடி கதைய அவகிட்ட சொன்னேன், ஆமைக்கு மூச்சு முட்டுமான்னு இப்ப கேள்வி மேல கேள்வி. முதல்ல குஞ்சு விடறதுக்கு கூட்டிட்டு போறேன், நடை அடுத்த வருஷம். குஞ்ச கைல எடுத்து தண்ணில விடலாமா? அவ கேக்கறா.

ராக்கோழி:
கூடாது. அது மணல்ல தானா நடந்து போகணும், பொறந்த கரைய அப்பதான் மனசுல பதிய வச்சுக்குதுன்னு நம்பறாங்க. அதுக்கும் மேல, இது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கற விலங்கு, தொடறதே தப்பு. கயிறு கட்டிருப்பாங்க, அதுக்கு இந்தப் பக்கம் முன் வரிசைல உக்கார வைங்க. அலை வந்து திருப்பித் தள்ளும், அழுவா, தூக்கி விட விடாதீங்க. தினமும் குஞ்சு வராது, அன்னிக்கு விடறாங்களான்னு கேட்டுட்டு கிளம்புங்க.