அமெரிக்கக் கவுண்டியில் பிஎல்சி (பயிர் விலை இழப்பு ஈட்டுத் திட்டம்) மானியம்: கணக்கு எப்படி?

கேள்வி: 100 ஏக்கர் மக்காச்சோள அடிப்படை நிலம் (மானியக் கணக்குக்காக மக்காச்சோளத்துக்கென அரசிடம் பதிவான ஏக்கர்). இந்த வருடம் சோயா விதைத்தாச்சு. மானியம் போய்விடுமா? குத்தகைக்காரருக்கா, நில உரிமையாளருக்கா பணம்?

பதில் 1: போகாது. பிஎல்சி பார்ப்பது பண்ணைக்குப் பதிவான அடிப்படை ஏக்கரைத்தான், விதைத்த பயிரை அல்ல. அதிலும் 85% ஏக்கருக்கே பணம். அரசு வைத்த குறிப்பு விலையைவிடச் சந்தை விலை புஷலுக்கு (தானிய அளவு) 20 சென்ட் குறைவு, பதிவான விளைச்சல் ஏக்கருக்கு 120 புஷல் என்று வையுங்கள்: 0.20 × 120 × 85 = 2,040 டாலர். அரசு கட்டாயமாகப் பிடிக்கும் செலவினக் குறைப்பு 5.7% போனால் கையில் 1,923.72. சந்தை விலை குறிப்பு விலையைத் தாண்டினால் ஒரு சென்ட்கூட வராது.

பதில் 2: ரொக்கக் குத்தகை என்றால் முழுதும் குத்தகைக்காரருக்கு. விளைச்சலைப் பங்கு போட்டால் மானியமும் அதே விகிதத்தில் பிரியும். அப்போது உரிமையாளரும் சிசிசி-941 என்ற வருமானச் சான்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பணம் தொங்குவது பெரும்பாலும் இங்கேதான். ஊரிலேயே இல்லாத உரிமையாளர் என்றால் கேட்கவே வேண்டாம்! ஏடி-1026 (மண், ஈரநிலப் பாதுகாப்பு உறுதிமொழி), சிசிசி-902 (பண்ணை நடத்தும் திட்டம்) படிவங்கள் இரண்டும் கோப்பில் இருக்கிறதா என்று எஃப்எஸ்ஏ (அரசின் பண்ணைச் சேவை முகமை) கவுண்டி அலுவலகத்தில் கேளுங்கள். விதைத்த ஏக்கர் அறிக்கையும் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்: பணம் எப்போது?

பதில் 1: அறுவடைக்கு அடுத்த வருடம் அக்டோபரில். 2024 பயிருக்கு 2025 அக்டோபர். வங்கிக் கடன் தவணையை இதை நம்பி வைக்காதீர்கள்.